கயிறு சொன்ன பொருளும் கதை சொன்ன பொருளும்

ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்யாமல் நம் ஊரில் பள்ளிப்படிப்பை முடித்தவர் குறைவு. நோட்டில் இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என்று எழுதிக்கொள்வதோடு வேலை முடிந்துவிடும். அந்தச் சொற்களுக்கு அந்தப் பொருள் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கோ இப்போது கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத் தொடர் ஒன்றைச் சொன்னால், அது பழைய பாய்மரக் கப்பலில் பிறந்தது என்று ஒரு கதை கூடவே வந்து நிற்கும். எதற்கெடுத்தாலும் கடலில் மூலம் தேடும் இந்தப் பழக்கத்தைச் சொல்லாராய்ச்சியாளர்களே கேலி செய்வதுண்டு. ஆனால் கேலியோடு விட்டுவிடக்கூடிய செய்தியும் அல்ல இது. ஆங்கிலத்தில் கப்பல் தொழில் தந்த தொடர்கள் உண்மையிலேயே ஏராளம். மெய்யானவற்றையும் கட்டுக்கதைகளையும் அச்சில் பதிந்த ஆண்டுகளை வைத்துப் பிரித்துப் பார்த்தால், ஒரு ஒழுங்கு தெரிகிறது. கப்பலிலிருந்து மெய்யாகவே வந்த தொடர்களில் பெரும்பாலானவை கயிறு, காற்று, நங்கூரம், சமையல் கொப்பரை என்ற அன்றாடச் சலிப்பு வேலைகளிலிருந்து வந்தவை. கப்பலின் தலையில் பின்னாளில் கட்டப்பட்டவையோ சவுக்கு, பீரங்கி, பணக்காரப் பயணி என்று கண்ணைப் பறிக்கும் பொருள்களைச் சுற்றி எழுந்தவை.

முதலில் அந்தத் தொழிலின் அளவைப் பார்க்க வேண்டும். நெப்போலியனோடு நடந்த போர்களின் உச்சத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் சுமார் 1,40,000 பேர் இருந்தார்கள். வணிகக் கப்பல்களில் இருந்தவர்கள் தனி. 1765இல் நீரில் இறக்கப்பட்ட 'விக்டரி' என்ற போர்க்கப்பலில் 800க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள்; அதன் பாய்களையும் மரங்களையும் கட்டிப் பிடித்த கயிறுகளின் மொத்த நீளம் சுமார் 26 மைல். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு பெயர், கட்டுவதற்கு ஒரு முளை, அவிழ்ப்பதற்கு ஒரு நேரம். நள்ளிரவில் புயல் அடிக்கும்போது விளக்கின்றிக் கையால் தடவியே சரியான கயிற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் பாய் கிழியும், மரம் முறியும், ஆள் சாவான். இந்த வேலைக்குத் துல்லியமான சொற்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தொகுத்து 1627இலேயே கேப்டன் ஜான் ஸ்மித் கடல் இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். 1769இல் வில்லியம் ஃபால்கனர் பெரிய கடல் அகராதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு இந்தியாவுக்குப் புறப்பட்ட 'அரோரா' கப்பலில் கணக்கராக ஏறிய ஃபால்கனர், நன்னம்பிக்கை முனையைத் தாண்டிய பின் கப்பலோடு காணாமல் போனார். அவருடைய அகராதி மிஞ்சியது. இன்று ஒரு தொடருக்குக் கப்பல் மூலம் சொல்லும்போது உரசிப் பார்க்க இத்தகைய நூல்கள்தான் உரைகல்.

'பை அண்ட் லார்ஜ்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 'மொத்தத்தில் பார்த்தால்' என்பது இதன் பொருள். சொற்களைத் தனித்தனியே எத்தனை முறை புரட்டினாலும் அந்தப் பொருள் வராது. கப்பலில் ஏறினால் உடனே விளங்கும். குறுக்குச் சட்டங்களில் சதுரப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசையை நோக்கி நேராகப் போக முடியாது. எவ்வளவு முயன்றாலும் ஏறத்தாழ 67 பாகைக்கு மேல் அதை நெருங்காது. அப்படி இயன்ற அளவு காற்றை நெருங்கி ஓட்டுவது 'பை'. காற்று பின்பக்கத்திலிருந்து தள்ள, விரிந்த பாய்களோடு தாராளமாக ஓடுவது 'லார்ஜ்'. சில கப்பல்கள் முதல்வகை ஓட்டத்தில் திறமை காட்டும், சில இரண்டாம் வகையில். இரண்டிலும் ஈடுகொடுக்கும் கப்பலே எல்லா வகையிலும் நல்ல கப்பல். சாமுவேல் ஸ்டர்மி என்ற மாலுமி 1669இல் வெளியிட்ட கப்பலோட்டக் கையேட்டில் இந்த இரண்டு சொற்களும் இணைந்து வருகின்றன. அதன் பிறகுதான் 'எப்படிப் பார்த்தாலும்' என்ற பொதுப்பொருள் கரையில் பரவியது. 'டேக்கன் அபேக்' என்பதும் காற்றின் கதையே. சுக்கான் பிடிப்பவன் கவனம் தவறினாலோ காற்று திடீரென்று திசை மாறினாலோ, முன்னே தள்ள வேண்டிய காற்று பாயின் மறுபக்கத்தில் மோதி, பாயை மரத்தோடு ஒட்ட அழுத்தும். ஓடிக்கொண்டிருந்த கப்பல் அப்படியே நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். எதிர்பாராத சொல்லைக் கேட்டுத் திகைத்து நிற்பவனுக்கு இந்தத் தொடர் பொருந்துவது அதனால்தான். வெறும் வியப்பை விட, போய்க்கொண்டிருந்த போக்கு தடைபட்டுப்போவதே அதன் உட்பொருள்.

கயிறுகள் தந்தவை இன்னும் சுவையானவை. தலைகால் தெரியாமல் குடித்தவனை 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்' என்பார்கள். 'ஷீட்' என்றதும் பாய் என்றோ விரிப்பு என்றோ எண்ணுவது இயல்பு. கப்பல்காரனுக்கு அது பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது கையை விட்டு நழுவினால் பாய் காற்றில் படபடவென்று அடிக்கும்; மூன்று கயிறுகள் நழுவினால் கப்பல் தள்ளாடும். 1821இல் வெளியான லண்டன் வாழ்க்கைச் சித்திரம் ஒன்றில் தொடர் குடிகாரனைக் குறித்தே வருகிறது. குடியின் அளவுக்கேற்ப கயிற்றின் எண்ணிக்கையும் கூடிக் குறைந்தது என்பதற்கு 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவலே சான்று. அங்கே ஒரே ஒரு கயிறுதான் நழுவுகிறது. கடைசி எல்லை என்ற பொருளில் வரும் 'பிட்டர் எண்ட்' இன்னொன்று. கப்பலின் அணியத்தை ஒட்டி, தளத்தைத் துளைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பருத்த கட்டைகளுக்கு 'பிட்ஸ்' என்று பெயர். நங்கூர வடத்தை அவற்றில் சுற்றித்தான் இறக்குவார்கள். 'விக்டரி'யின் வடம் 24 அங்குலச் சுற்றளவு கொண்ட சணல் வடம். அதாவது ஒரு ஆளின் தொடைக்கு ஈடான பருமன். அந்த வடத்தில் கப்பலுக்குள்ளே தங்கும் கடைசிப் பகுதியே 'பிட்டர்ஸ் எண்ட்' என்று ஸ்மித்தின் 1627ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. அதுவும் வெளியே போய்விட்டால் இனி விட வடமில்லை. ஆனால் இங்கே தீர்ப்பு அத்தனை எளிதல்ல. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் நீதிமொழிகளில் முடிவின் கசப்பைப் பற்றிய உவமை இருக்கிறது. 'பிட்டர்' என்றால் கசப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். வடமும் விவிலியமும் சேர்ந்தே இந்தத் தொடரைத் தாங்கின என்று கொள்வதே நியாயம்.

கொப்பரையின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. உப்பிட்ட மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் கப்பல் சமையற்காரன் பெரிய செப்புக் கொப்பரைகளில் வேகவைப்பான். மேலே மிதக்கும் கொழுப்புக்கு 'ஸ்லஷ்' என்று பெயர். கொஞ்சத்தைப் பாய்மரத்தில் மெழுகப் பயன்படுத்துவார்கள். மீதியைப் பீப்பாயில் சேர்த்து வைத்து, துறைமுகத்தில் மெழுகுவத்தி செய்பவர்களுக்கு விற்பார்கள். அமெரிக்கக் கடற்படையில் அந்தக் காசைத் தனியே வைத்து வேண்டிய சில்லறைச் சாமான்கள் வாங்கினார்கள். 'ஸ்லஷ் ஃபண்ட்' என்ற பெயர் 1839இல் அச்சில் வந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தில் ஏறாத பணம் என்ற குணத்தால் அதே நூற்றாண்டுக்குள் அரசியல் லஞ்சப் பணத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'ஃபர்ஸ்ட் ரேட்' என்பதோ இன்னும் வறண்ட இடத்தில் பிறந்தது. போர்க்கப்பல்களை பீரங்கி எண்ணிக்கைப்படி ஆறு தரமாகப் பிரித்து அலுவலகத்தில் பதிவு வைத்தார்கள். 100 பீரங்கியோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம். இன்று நல்ல காப்பியைக்கூட நாம் 'ஃபஸ்ட் ரேட்' என்கிறோம். காற்று, கயிறு, வடம், கொழுப்பு, பதிவேடு - இந்தப் பட்டியலில் வீரமும் இல்லை, கொடுமையும் இல்லை.

இனி மறுபக்கம். 'பூனையைச் சுழற்ற இடமில்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னால் இடம் மிகக் குறுகல் என்று பொருள். அந்தப் பூனை விலங்கல்ல, கப்பலில் மாலுமிகளை அடித்த ஒன்பது வால் சவுக்கு என்று கதை சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடர் 1665இல் அச்சில் வந்துவிட்டது. சவுக்குக்கு அந்தப் பூனைப் பெயர் 1695இல் காங்கிரீவின் நாடகத்தில்தான் முதலில் கிடைக்கிறது. ஆண்டை ஒதுக்கிவிட்டுத் தொழிலை மட்டும் பார்த்தாலும் கதை நிற்காது. சவுக்கடி கப்பலின் நெரிசலான கீழறையில் நடந்ததில்லை. மேல்தளத்தில், எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மரச்சட்டத்தில் கைகளைக் கட்டி, திறந்த வெளியில் அடித்தார்கள். இடத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. 'பையிலிருந்து பூனையை வெளியே விடுவது' என்ற தொடரையும் இதே சவுக்கின் கணக்கில் எழுதுகிறார்கள், சவுக்கை ஒரு துணிப்பையில் வைத்திருந்தார்கள் என்பதால். அந்தத் தொடரின் பொருள் இரகசியத்தை உளறிவிடுவது. கப்பல் முழுவதும் பார்க்க நடக்கும் தண்டனையில் இரகசியம் ஏது? பொருளே ஒட்டாத இடத்தில் மூலம் மட்டும் எப்படி ஒட்டும்?

பித்தளைக் குரங்கின் கதை இதைவிடப் புகழ்பெற்றது. கடுங்குளிரைச் சொல்ல, பித்தளைக் குரங்கின் உறுப்பே உறைந்து கழன்றுவிடும் என்று ஆங்கிலத்தில் ஒரு கொச்சைப் பேச்சு உண்டு. அந்தக் 'குரங்கு' பீரங்கிக் குண்டுகளை அடுக்கிய பித்தளைத் தட்டு என்றும், குளிரில் பித்தளை இரும்பைவிட அதிகம் சுருங்குவதால் குண்டுகள் உருண்டு விழும் என்றும் விளக்குகிறார்கள். ஒரு மீட்டர் நீளத் தட்டில் 30 பாகை குளிர்ந்தாலும் இரண்டு உலோகங்களின் சுருக்கத்துக்கிடையே உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதோடு, அலையில் ஆடும் தளத்தில் இரும்புக் குண்டுகளைக் கோபுரமாக அடுக்கி வைக்கும் மடமையை எந்தக் கப்பல்காரனும் செய்யமாட்டான். துளையிட்ட மரப்பலகைகளில் பதித்து வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு அச்சில் அந்தக் குரங்கின் மூக்கும் வாலும் போகின்றன. குளிரில் மட்டுமல்ல, வெயிலில் உருகியும் போகின்றன. அது வெறும் குரங்குப் பொம்மை. இந்தியாவைத் தொடும் கதை, மேட்டுக்குடிப் பகட்டைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல்லுக்கு உண்டு. பி அண்ட் ஓ கம்பெனிக் கப்பலில் இந்தியா வரும்போது இடப்புற அறை, திரும்பும்போது வலப்புற அறை என்று வெயில்படாத பக்கத்தைப் பணக்காரத் துரைமார்கள் பதிவு செய்தார்களாம். சீட்டில் குத்திய அந்த ஆங்கில முதலெழுத்துகளே சொல்லானதாம். அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டும் இதுவரை அகப்படவில்லை. சொல் 1914இலேயே வழக்கில் இருக்க, சீட்டுக் கதை 1930களில்தான் அச்சுக்கு வருகிறது.

'பேய்க்கும் ஆழ்கடலுக்கும் நடுவே' என்ற தொடரில் கடலே இருப்பதால், கப்பல் மூலம் உறுதி என்று தோன்றும். கப்பலின் விளிம்பை ஒட்டிய நீண்ட பலகை இடுக்குக்குப் பேய் என்று பெயர், அங்கே தொங்கிக்கொண்டு கீல் பூசுகிறவன் நிலையே இது என்பது கதை. 1637இல் இதை எழுதியவர் ராபர்ட் மன்ரோ என்ற ஸ்காட்லாந்துத் தரைப்படை வீரர். ஸ்வீடன் அரசனுக்காக ஜெர்மனியில் சண்டையிட்டவர், முன்னே எதிரியின் குண்டும் பின்னே தம்மவரின் குறிதவறிய குண்டும் விழ நடுவில் கிடந்ததை இப்படிச் சொன்னார். இங்கே பேய் என்பது பேய்தான். 'டெவில் டு பே' என்பதிலும் இதே நிலை. கீல் பூசுவதற்குக் கப்பலில் 'பே' என்ற சொல் உண்டு என்பது உண்மை. ஆனால் பேய்க்குக் கடன் தீர்ப்பது என்ற பொருளில் அந்தத் தொடர் 1500ஆம் ஆண்டை ஒட்டியே கிடைக்கிறது. கீல் இன்னும் சூடாகவில்லையே என்று பின்னால் ஒரு துணுக்கைச் சேர்த்துச் சிலேடையாக்கியவர்கள் மாலுமிகள். கரையில் இருந்ததைத்தான் கடல் எடுத்துக்கொண்டது. 'லூஸ் கேனன்' என்பதற்கோ மூலம் ஒரு நாவல். கட்டறுந்த பீரங்கி ஒன்று கப்பல்தளத்தில் தறிகெட்டு ஓடும் காட்சியை விக்தர் ஹியூகோ 1874இல் வெளியான 'தொண்ணூற்று மூன்று' நாவலில் எழுதினார். கட்டுக்கடங்காத ஆள் என்ற உருவகம் ஆங்கிலத்தில் பரவியது அதற்குப் பிறகு.

ஏன் இப்படி நேர்ந்தது? தொழிற்சொல் கரையேறிய வழியிலேயே விடை இருக்கிறது. போர்க்காலத்தில் ஆள்பிடிப்புக் கும்பல்கள் துறைமுக ஊர்களில் ஆட்களை வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றின. 1815இல் போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்கு ஒருவர் கடலறிந்தவர் என்றிருந்த ஊர்களில் பாய்க்கயிறும் நங்கூரமும் வீட்டுப்பேச்சாகவே இருந்தன. கப்பல் மருத்துவரின் உதவியாளராக இருந்த ஸ்மாலெட், கடற்படை அதிகாரியாக இருந்த மேரியட், 1834இல் சாதாரண மாலுமியாகப் புறப்பட்ட ஹார்வர்டு மாணவர் டேனா போன்றவர்கள் அந்தப் பேச்சைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். 'கயிறுகளை அறிந்தவன்' என்று ஒரு கேப்டனைப் பற்றி டேனா 1840இல் எழுதியபோது, அந்தத் தொடர் வேலைக்காரன் வாயிலிருந்து நேராக வந்தது. பிறகு நீராவி வந்தது. 1871இல் பாய்களே இல்லாத 'டெவாஸ்டேஷன்' என்ற பெரும் போர்க்கப்பலை பிரிட்டன் நீரில் இறக்கியது. அதே ஆண்டு அமைதிக்காலச் சவுக்கடியும் நிறுத்தப்பட்டது. அடுத்த தலைமுறைக்குக் காற்றை நெருங்கி ஓட்டுவது என்ன என்று தெரியாது. சவுக்கும் பீரங்கியும் மட்டும் நாடகத்திலும் ஓவியத்திலும் கண்முன் நின்றன. பொருள் மறந்துபோன தொடருக்கு விளக்கம் தேடியவர்கள், தமக்குத் தெரிந்த கப்பலில்தான் தேடினார்கள். அந்தக் கப்பல் வேலை செய்த கப்பல் அல்ல, வேடிக்கை பார்த்த கப்பல்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பே. மாலுமிகளில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்கள் வாயில் நூறாண்டு புழங்கிய தொடர் அச்சில் வராமலே இருந்திருக்கலாம். அப்படியிருக்க அச்சான ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வது படித்தவன் திமிர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முப்பது ஆண்டு இடைவெளி மட்டுமே ஆதாரம் என்றால் பூனைச் சவுக்கை நாம் தள்ளிவிட முடியாது. ஆகவேதான் ஆண்டோடு இன்னும் இரண்டு சோதனைகள் தேவைப்படுகின்றன: கதை சொல்லும் பொருள் கப்பலில் அப்படித்தான் பயன்பட்டதா, தொடரின் பழைய பொருளும் அந்தப் பயனும் ஒத்துப்போகின்றனவா. மூன்றிலும் தோற்கும் கதையை வாய்மொழி மரபு என்ற பெயரில் காப்பாற்ற முடியாது. இன்னொரு மறுப்பு: வீரச்செயலிலிருந்து தொடர் பிறக்கவே பிறக்காதா? பிறக்கும். 1797 அக்டோபர் 11 அன்று கேம்பர்டவுன் கடற்போரில், குண்டடிபட்டு விழுந்த கொடியை ஜாக் கிராஃபர்ட் என்ற மாலுமி 'வெனரபிள்' கப்பலின் மரத்தில் ஏறி ஆணியடித்து நிறுத்தினார். கொடியை இறக்குவது சரணடைவதன் அடையாளம். ஆணியடித்த கொடியை இறக்க முடியாது. கொள்கையில் பின்வாங்காதவனைப் பற்றிய 'கொடியை மரத்தில் அறைந்தவன்' என்ற தொடர் இத்தகைய செயல்களிலிருந்து வந்ததே. ஆனால் அது மூன்று சோதனைகளிலும் தேறித்தான் வருகிறது. பரபரப்பான கதை என்பதாலேயே எதையும் பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. பரபரப்பானதற்குச் சோதனை இரட்டிப்பாக வேண்டும்.

பொருள் தெரிந்தால் போதாதா, மூலம் எதற்கு என்பது மூன்றாவது மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மூலமே பொருள் ஆகிவிடாது. 'லீவே' என்பது காற்று பக்கவாட்டில் தள்ளுவதால் கப்பல் தன் வழியிலிருந்து விலகிப்போகும் தூரம், அதாவது இழப்பு. இன்று அதே சொல்லுக்கு ஒருவருக்குத் தரும் சலுகை, விட்டுக்கொடுப்பு என்று பொருள். நம் கரையிலிருந்து போன சொல்லுக்கும் இதே கதிதான். சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைக் கண்ட வில்லியம் டேம்பியர் 1697இல் அதை ஆங்கிலப் புத்தகத்தில் ஏற்றினார். 1804இல் பூலோன் துறையில் பிரெஞ்சுக் கப்பல்களை வெடிக்கச் செய்ய அனுப்பிய வெடிமருந்துப் பெட்டகங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரக் கிழவியைத் திட்டுவதற்கும் 'கேட்டமரான்' என்றார்கள். எண்ணூர் மீனவருக்கு இதில் எதுவுமே புரிந்திருக்காது. ஆனால் மறுபாதி உண்மையும் உண்டு. 'ஷீட்' கயிறு என்று தெரியாதவர் தொடரைப் பிழையாகவே மனத்தில் படம்பிடிப்பார். 'டேக்கன் அபேக்' வெறும் மகிழ்ச்சியான வியப்புக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடுவார். மூலம் தெரிந்தவர் தொடரை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவார். பொய் மூலத்தை நம்புகிறவரோ பொருளை விளங்கிக்கொள்ளாததோடு, ஒரு தொழிலின் வரலாற்றையும் தவறாகப் படித்துக்கொள்கிறார்: இரண்டு நூற்றாண்டு உழைப்பு அவர் கண்ணுக்குச் சவுக்கும் குண்டுமாகவே தெரிகிறது.

ஆகவே ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும் கற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடருக்குப் பின்னால் ஒரு கதை வந்தால், சுவைக்காகவே அதை நோட்டில் ஏற்றிவிடாதீர்கள். எந்த ஆண்டில் எழுதப்பட்டிருக்கிறது, அந்தப் பொருள் மெய்யாக எப்படிப் பயன்பட்டது, பழைய பொருளோடு அது பொருந்துகிறதா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்தால் மாணவனுக்குச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பொருளை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். கதை இல்லாத பொருளால் மாணவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை.